அக்விடைன் எலினோர் – கடிதம்

வணக்கம் சார்,

அக்விடைன் (தென்மேற்கு பிரான்ஸ்) எலினோர் பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். கவிஞரான தாத்தாவின் அரண்மனையில், பாட்டுக்கு நடுவில் வளர்ந்ததால்தான் அவர் பிரான்சுக்கும் பிறகு இங்கிலாந்துக்கும் ராணியாக முடிந்ததா?

எஸ்., கும்பகோணம்

அன்புள்ள எஸ்.,

அரண்மனையில் பாட்டு இருந்தது உண்மைதான். தாத்தா, அக்விடைன் பிரபு ஒன்பதாம் வில்லியம், தென் பிரான்சின் ஆக்சிதான் மொழியில் பாடல் கட்டியவர். ஆனால் எலினோருக்கு விவரம் தெரியும் முன்பே அவர் இறந்துவிட்டார். சாத்தெல்றோ சிற்றரசரின் மனைவியைக் கொண்டுவந்து, தன் தலைநகரான புவாத்தியேவின் அரண்மனைக் கோபுரத்தில் வைத்துக்கொண்ட மனிதர் அவர். அப்புறம் அந்தப் பெண்ணின் மகளையே தன் மகனுக்குக் கட்டிவைத்தார். அந்தத் தம்பதியின் மூத்த மகள்தான் எலினோர்.

அவளை ராணியாக்கியவை அடுத்தடுத்து விழுந்த சாவுகள் என்றே நான் நினைக்கிறேன். 1130 வரை வாரிசு அவள் தம்பி. அந்த ஆண்டு அவனும் தாயும் இறந்தார்கள். அடுத்த ஆண்டு பாரிஸில் பட்டத்து இளவரசன் பிலிப்பின் குதிரைக்குக் குறுக்கே ஒரு பன்றி ஓட, அவன் விழுந்து செத்தான். திருச்சபைக்கென்று வளர்ந்த அவன் தம்பி லூயி பட்டத்து இளவரசனானான். 1137 பெரிய வெள்ளியன்று எலினோரின் தந்தை ஸ்பெயினின் சந்தியாகோ யாத்திரையில் இறந்தார். லுவார் ஆறு முதல் பிரனீஸ் மலைவரையான நிலம் ஒரு சிறுமியிடம் வந்தது. அவள் பிறந்தது 1124 என்று இன்று பலரும் கொள்கிறார்கள். அப்படியானால் வயது 13 தான். நோயில் கிடந்த பிரான்ஸ் அரசர் தாமதிக்கவில்லை. மகன் லூயியைப் படையோடு பொர்தோவுக்கு அனுப்பினார். ஜூலை 25-இல் கல்யாணம், ஆகஸ்ட் 1-இல் அரசரின் மரணம். ஒரே வாரத்தில் அவள் ராணி. தாத்தா வழியில் வந்த படிகச் சாடி ஒன்றை மாப்பிள்ளைக்குக் கொடுத்தாள். அது இன்றும் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

வளர்ப்பு எங்கே தெரிகிறது என்று கேட்டால், நான் 1152-ஐக் காட்டுவேன். அந்த மார்ச்சில் லூயியுடனான திருமணம் செல்லாது என்று தீர்ப்பானது. நிலம் அவளிடமே திரும்பியது. புவாத்தியேவுக்குப் போகும் வழியில் இரண்டு பிரபுக்கள் அவளைக் கடத்திக் கல்யாணம் செய்யத் திட்டமிட்டார்கள் என்று ஒரு பழைய குறிப்பு சொல்கிறது. வாரிசுப் பெண்களுக்கு அன்று நேர்ந்த கதி அது. அவள் தப்பி ஊர் சேர்ந்து, இரண்டு மாதத்துக்குள், மேலாதிக்க அரசனான லூயியின் அனுமதியைக் கேட்காமலே நார்மண்டிப் பிரபு ஹென்றியை மணந்தாள். இந்த முறை மாப்பிள்ளையைத் தேர்ந்தெடுத்தது அவள். ஹென்றி இங்கிலாந்து அரசனானது 1154-இல்.