தோள் முட்டினாலும் 'சொறி', செத்தவீட்டுக்கும் 'சொறி'

ஆரையம்பதியிலிருந்து ரொறன்ரோவுக்கு வந்து பேக்கரி ஒன்றில் வேலை செய்யும் தங்கச்சி ஒருத்தி கேட்டிருக்கிறார்: "அக்கா, ஊரில் அம்மம்மா தவறிய செய்தி வந்து நான் அழுதுகொண்டு நின்றபோது, மேனேஜர் பக்கத்தில் வந்து 'ஐ ஆம் சொறி' என்றார். அவர் என்ன பிழை செய்தார்? எனக்குப் பதில் வரவில்லை. இங்கே எல்லாரும் எதற்கெடுத்தாலும் சொறி சொல்கிறார்கள். முட்டினது மற்றவர் என்றாலும் நான் சொல்ல வேண்டுமா? சொன்னால் பிழை என்னுடையது என்று ஆகிவிடாதா?"

தங்கச்சி, முதலில் அம்மம்மாவுக்கு என் அஞ்சலி. செத்தவீட்டை ஃபோன் திரையில் பார்த்து அழுவது எவ்வளவு கொடுமை என்று இங்கே இருக்கும் நம்மவர்களுக்குத் தெரியும்.

நமக்குப் பள்ளிக்கூடத்தில் சொறி என்றால் 'மன்னிக்கவும்' என்றுதான் சொல்லித் தந்தார்கள். குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. மன்னிப்பு என்றாலே ஒரு பிழை இருக்க வேண்டும், அதைச் செய்தவர் ஒருவர் இருக்க வேண்டும். அந்த ஆங்கிலச் சொல்லோ பிழையிலிருந்து பிறந்ததல்ல, நோவிலிருந்து பிறந்தது. பழைய ஆங்கிலத்தில் 'ஸார்' என்றால் நோவு, புண். நோவு நிறைந்தவர், மனம் வருந்துபவர் என்ற பொருளில் அதிலிருந்து வந்ததுதான் இந்தச் சொல். தொண்டை நோவை 'சோர் த்ரோட்' என்கிறார்களே, அந்தச் 'சோர்' இதற்குக் கூடப்பிறந்த சொல். துயரத்தைக் குறிக்கும் 'சொரோ' இதற்கு உறவு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஆனால் அதன் வேர் வேறு. அது ஜெர்மன் மொழியில் கவலைக்குச் சொல்லும் 'சோர்கெ'யின் இனம். பிற்காலத்தில்தான் இரண்டும் ஓசையில் நெருங்கின.

நம் ஊர்ப் பேச்சில் இதைப் புரிந்துகொள்வது சுலபம். காலில் முள் குத்தினாலும் 'நோகுது' என்கிறோம், யாராவது சுடுசொல் சொன்னாலும் 'மனம் நோகுது' என்கிறோம். உங்கள் மேனேஜர் சொன்னது அதைத்தான்: உங்களுக்கு நோவதைப் பார்த்து எனக்கும் நோகிறது. ஊரில் என்றால் பெண்கள் கட்டிப்பிடித்து அழுவார்கள். ஆண்கள் கையைப் பிடித்துவிட்டுப் பேசாமல் போய்க் கதிரையில் இருப்பார்கள். இங்கே வேலைத்தலத்தில் அப்படியெல்லாம் நெருங்கமாட்டார்கள். கட்டிப்பிடிப்பு, கைப்பிடிப்பு எல்லாவற்றையும் அந்த ஒரு சொல்லில்தான் வைக்கிறார்கள். அதற்கு 'தேங்க் யூ' என்று மட்டும் சொன்னால் போதும். 'பரவாயில்லை' என்ற அர்த்தத்தில் 'இட்ஸ் ஓகே' சொல்லத் தேவையில்லை.

இனி அன்றாட சொறி. கடை வரிசையில் வண்டிலைத் தள்ளிக்கொண்டு இடைவெளியால் போகிறவர் மெதுவாகச் சொன்னால், கொஞ்சம் வழி விடுங்கள் என்று அர்த்தம். கடைசியில் குரலை உயர்த்தி 'சொறி?' என்று கேட்டால், நீங்கள் சொன்னது காதில் விழவில்லை, இன்னொருக்கால் சொல்லுங்கள் என்று அர்த்தம். புதிதாக வருகிற பலர் இதைக் கேட்டதும், தங்கள் ஆங்கிலத்தில் பிழை பிடிக்கிறார்கள் என்று எண்ணி வாயை மூடிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. அதையே ஆறுதலாகத் திரும்பச் சொன்னால் சரி.

மற்றவர் உங்களில் முட்டினாலும் நீங்களும் சொல்லலாம். கல்முனை பஸ்ஸில் நெரிசலில் ஒருவர் மேல் கால் பட்டால், உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். பிழை யாருடையது என்று அப்போது யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. இங்கேயும் அதே மரியாதைதான்.

பிழையை ஒத்துக்கொண்டதாக ஆகுமா என்ற பயம் நியாயமானது. கனடாவில் சட்டமே இதைப் பற்றிப் பேசியிருக்கிறது. 2006இல் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணமும் 2009இல் ரொறன்ரோ இருக்கும் ஒன்ராறியோ மாகாணமும் மன்னிப்புச் சட்டம் கொண்டுவந்தன. ஒன்ராறியோவில் சொறி சொன்னதையோ அனுதாபம் தெரிவித்ததையோ வைத்து, சிவில் வழக்கில் பிழை உங்களுடையது என்று முடிவுகட்ட முடியாது. அதற்காகக் காப்புறுதியும் ரத்தாகாது. வைத்தியர்கூட நோயாளியின் குடும்பத்திடம் பயமில்லாமல் வருத்தம் சொல்ல வழி செய்த நல்ல சட்டம் அது. ஆனால் போக்குவரத்துக் குற்ற வழக்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அதனால் கார் விபத்து நடந்தால் 'உங்களுக்கு ஏதும் காயமா?' என்று கேளுங்கள், நடந்ததைப் பொலிசுக்கு உள்ளபடி சொல்லுங்கள். யார் பிழை என்று அந்த இடத்தில் நின்று வாதாட வேண்டாம்.

உண்மையாகவே பிழை விட்டால் வெறும் சொறி இங்கேயும் எடுபடாது. ஓடரை மாற்றிப் பெட்டியில் போட்டுவிட்டீர்கள் என்று வையுங்கள். எதை மாற்றிப் போட்டேன், இப்போது எப்படிச் சரிசெய்கிறேன் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே சொல்லைப் பத்துத் தரம் சொல்வதைவிட அதைத்தான் எதிர்பார்க்கிறார்கள். நாட்டளவிலும் அப்படித்தான். பழங்குடிப் பிள்ளைகளைக் குடும்பங்களிலிருந்து பிரித்த வதிவிடப் பாடசாலைகளுக்காக, 2008 ஜூன் 11 அன்று பிரதமர் ஸ்டீபன் ஹார்ப்பர் பாராளுமன்றத்தில் எழுந்து மன்னிப்புக் கேட்டார். கேட்டதோடு முடிந்துவிட்டது என்று அந்த மக்கள் விடவில்லை. செய்ய வேண்டியதை இன்றும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். அது சரிதான்.

அப்புறம் நீங்கள் கேட்காத ஒன்று. ஒன்ராறியோ தொழிற் சட்டப்படி, இரண்டு வாரம் தொடர்ந்து வேலை செய்தவருக்கு இழவு விடுப்பு ஆண்டுக்கு 2 நாள் உண்டு. சம்பளம் கிடையாது. ஆனால் தாத்தா, பாட்டியின் இறப்பும் அதில் அடங்கும். உங்கள் மேனேஜர் நல்ல மனிதராகத் தெரிகிறார், போய்க் கேளுங்கள். கேட்கும்போது மட்டும் 'சொறி' என்று தொடங்க வேண்டாம். அது சட்டம் உங்களுக்குத் தந்த நாள்.