படகு டிரெய்லருக்கு டிஸ்க் பிரேக்: கினிகத்தேனை இறக்கத்துக்கு அது மட்டும் போதுமா?

கேள்வி: ஐயா, நோர்வூட்டில் இருந்து எழுதுகிறேன். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் ஓட்டுவதற்காக நீர்கொழும்பில் ஒரு பழைய 16 அடி ஃபைபர் படகை டிரெய்லரோடு வாங்கினேன். இன்ஜினும் சேர்த்தால் ஆயிரம் கிலோ வரும். போன மாதம் இன்ஜின் வேலைக்காக டபுள்கெப்பில் கட்டி நீர்கொழும்புக்கு இறக்கினேன். கித்துல்கல வரும்போது கருகிய வாடை. டிரெய்லர் சில்லின் நடுவில் இருக்கும் ஹப்பில் கை வைக்க முடியவில்லை. டிரெய்லரில் இருப்பது ட்ரம் பிரேக். மாஸ்டர் சிலிண்டர் முன்னால், கெப்போடு கொளுவும் கப்ளருக்குள்ளேயே இருக்கிறது. டிஸ்க் மாட்டினால் போதும், கப்ளரை மாற்ற வேண்டியதில்லை என்று கராஜில் சொல்கிறார்கள். செய்யலாமா?

பதில்: தம்பி, டிஸ்க் மாட்டுங்கள். பழைய கப்ளரோடு மட்டும் மாட்டாதீர்கள்.

உங்கள் டிரெய்லரில் இருப்பது தள்ளுபிரேக். கெப் வேகம் குறைந்தால் பின்னால் வரும் டிரெய்லர் கப்ளரைத் தள்ளும், அந்தத் தள்ளல் மாஸ்டர் சிலிண்டரை அமுக்கும், அது பிரேக் ஒயிலை லைனுக்குள் தள்ளும், பிரேக் பிடிக்கும். நீர்கொழும்பு மாதிரிச் சமதரையில் இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது. மலை இறக்கத்தில்தான் சிக்கல். 12 அடிக்கு ஓரடி இறங்கும் சரிவில் ஆயிரம் கிலோ வண்டி ஏறத்தாழ 80 கிலோ விசையோடு முன்னால் தள்ளும். நீங்கள் பிரேக்கில் கால் வைக்காவிட்டாலும் தள்ளும். அதனால் டிரெய்லரின் பிரேக் மேலே பிடித்தது, அடிவாரம் வரைக்கும் விடாது.

"சின்ன கியரில் இறங்கினேனே" என்று கேட்பீர்கள். சின்ன கியர் கெப்பின் பிரேக்கைக் காப்பாற்றும். டிரெய்லரின் பாரத்தையோ டிரெய்லரின் பிரேக்தான் பெரும்பாலும் தாங்கிக்கொண்டிருக்கும். ஹட்டனில் இருந்து கினிகத்தேனை வழியாகக் கித்துல்கலவுக்கு ஆயிரம் மீற்றர் அளவுக்கு இறக்கம். அந்த உயரத்தில் இருந்து ஆயிரம் கிலோ இறங்கும்போது வெளிவரும் சக்தி சுமார் 30 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். இன்னொரு விதமாகச் சொன்னால், 60 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து அடுத்தடுத்து 70 தடவை நிறுத்துவதற்குச் சமம். காற்றும் டயரும் கொஞ்சத்தை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் பெரும்பகுதி அந்த இரண்டு சின்ன ட்ரம்மில்தான் போய் இறங்கும். கருகாமல் என்ன செய்யும்!

டிஸ்க் இதில் நிச்சயமாக உதவும். ட்ரம் மூடிய பெட்டி, சூடு வெளியே போக வழியில்லை. சூடேறினால் விரிந்து, உள்ளே உரசிப் பிடிக்கும் பிரேக் ஷூவை விட்டு விலகும், பிடி தளரும். டிஸ்க் திறந்த காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். படகு இறக்கும்போது ட்ரம்முக்குள் தண்ணீரும் சேறும் தங்கிவிடும். டிஸ்க் நாலு சுற்றுச் சுற்றினால் காய்ந்துவிடும்.

சரி, பழைய கப்ளர் ஏன் ஆகாது? ட்ரம்முக்கென்று செய்த மாஸ்டர் சிலிண்டரில் பெரும்பாலும் ஒரு சின்ன வால்வு இருக்கும். அது லைனில் எப்போதும் 10 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) அளவு அழுத்தத்தைப் பிடித்துவைக்கும். ட்ரம்மில் பிரேக் ஷூவை இழுக்க ஸ்பிரிங் இருப்பதால் பாதகமில்லை. டிஸ்க்கில் ஸ்பிரிங் இல்லை. அந்த 10 பிஎஸ்ஐயிலேயே டிஸ்க்கைப் பிடிக்கும் பேட் உரசிக்கொண்டு வரும், சமதரையிலும் ஹப் சுடும். போதாததற்கு டிஸ்க்குக்கு ட்ரம்மைவிட அதிக அழுத்தம் வேண்டும். பழைய சிலிண்டர் அதைத் தராது. காசையும் செலவழித்து முன்பைவிட மோசமான பிரேக்கோடு நீங்கள் இறங்குவதை நான் விரும்பவில்லை.

டிஸ்க்குக்கான புதிய தள்ளுகப்ளர் வாங்கலாம். ஆனால் இறக்கம் முழுக்கப் பிடித்துக்கொண்டே வரும் குணம் அதிலும் உண்டு. ஏற்றமான தோட்டத்து ரோட்டில் ரிவர்ஸ் எடுத்தாலும் பிரேக் இறுகும். அதைத் தடுக்க ரிவர்ஸ் லைட் வயரில் மின்சாரத்தில் திறந்து மூடும் ஒரு சொலனொய்ட் வால்வு வேண்டும். அதனால் உங்கள் ரோட்டுக்கு நான் சொல்வது மின்சாரத்தில் இயங்கும் ஹைட்ரோலிக் பம்ப். டிரெய்லரின் முன்பக்கம், தண்ணீர் எட்டாத உயரத்தில் பொருத்துவார்கள். கெப்புக்குள் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டி இருக்கும். நீங்கள் மிதித்தால் பிடிக்கும், காலை எடுத்தால் விடும். அப்போதுதான் சின்ன கியரின் பலன் டிரெய்லருக்கும் கிடைக்கும்: பாரத்தை இன்ஜின் தாங்க, வளைவுக்கு முன்னால் ஒரு பிடி, பிறகு ஆறவிடுவது என்று இறங்கலாம். டிஸ்க்குக்கு 1600 பிஎஸ்ஐ தரும் பம்பைக் கேளுங்கள். 1000 பிஎஸ்ஐ பம்ப் ட்ரம்முக்கானது. டிரெய்லரிலேயே ஒரு சின்ன பேட்டரியும், கொக்கி கழன்றால் தானாகப் பிரேக் பிடிக்கவைக்கும் இழுகயிறும் கட்டாயம் இருக்க வேண்டும். காந்தம் வைத்த எலெக்ட்ரிக் ட்ரம் மலிவு என்று யாராவது காட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீரில் முங்கும் வண்டிக்கு அது சரிவராது.

வாங்குவதற்கு முன் உங்கள் ரிம்முக்குள் கலிப்பர் (பேட்டை டிஸ்க்கில் அமுக்கும் பாகம்) அடங்குமா என்று அளந்துவிடுங்கள். 13 அங்குல ரிம் பலவற்றில் இடிக்கும். பூட்டும்போது காற்றெடுக்கும் நிப்பிள் மேல் பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறிப்போனால் நிப்பிள் கீழே வந்துவிடும், எத்தனை தடவை பம்ப் செய்தாலும் காற்று போகாது. இந்தத் தவறை நான் பல வண்டிகளில் பார்த்திருக்கிறேன்.

பிரேக் ஒயில் டொட் 4 ஊற்றுங்கள். புதிதாக இருக்கும்போது 230 பாகை வரை கொதிக்காது. ஈரம் ஏறினால் 155 பாகையிலேயே கொதிக்கலாம். நம் ஊர் மழைக்கும் பனிக்கும் ஈரம் ஏறாமல் இருக்காது, வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள். களப்பில் இறக்கிய நாளில் நல்ல தண்ணீரால் டிஸ்க்கையும் கலிப்பரையும் கழுவ மறக்காதீர்கள்.

பேட் புதிதென்றால் கீழே சமதரையில் 40 கிலோமீற்றர் வேகத்தில் இருந்து இருபது தடவை மெதுவாகப் பிடித்துப் பிடித்துப் பழக்கிவிட்டு மலைக்கு வாருங்கள்.

காசு சேரும்வரை பழைய ட்ரம்மோடு இறங்கவே வேண்டியிருந்தால் முதலில் பிரேக் ஷூவைப் பாருங்கள், கருகியிருந்தால் மாற்றுங்கள். மெதுவாக இறங்கி, நடுவில் இரண்டு மூன்று இடத்தில் ஓரமாக நிறுத்துங்கள். நிறுத்தியதும் சில்லுக்குக் கட்டை போடுங்கள். காசல்ரீயில் ஹப் சூடாக இருக்கும்போதே தண்ணீரில் இறக்காதீர்கள். உள்ளே இருக்கும் காற்று சட்டென்று குளிர்ந்து சுருங்கி, சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சும்; பெயாரிங் கிரீஸ் பால் மாதிரி ஆகிவிடும். ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு, ஹப்பைத் தொட்டுப் பார்த்து இறக்குங்கள்.

புதிய பிரேக்கோடு முதல் தடவை இறங்கும்போது கினிகத்தேனையில் நிறுத்தி, இரண்டு ஹப் பக்கமும் புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு இரண்டிலும் ஒரே அளவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்துக் கலிப்பர் நகரும் ஊசி (பின்) இறுகியிருக்கலாம். அதைக் கழற்றிக் கிரீஸ் வைத்த பிறகுதான் கித்துல்கல பக்கம் இறங்க வேண்டும்.