வாசகர் கேள்விகள்: ஹாமில்டனா, ஜெஃபர்சனா?

கேள்வி: தாமஸ் ஜெஃபர்சன் உழவர் பக்கம் நின்றவர், அலெக்சாண்டர் ஹாமில்டன் வங்கிக்காரர்களுக்கும் ஆலை முதலாளிகளுக்கும் வேண்டியவர் என்று எங்கள் வாசகர் வட்டத்தில் பேச்சு வந்தது. இருவரில் யாருடைய அரசியல் அமெரிக்காவில் நிலைத்தது?
– வாசகர், கோபிசெட்டிபாளையம்

பதில்: ஆட்சி நடக்கும் முறையை வைத்துப் பார்த்தால் ஹாமில்டனுடையதே நிலைத்தது என்பது என் முடிவு. அதற்கு, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜெஃபர்சனின் ஆட்சிக்காலமே வலுவான சாட்சி.

விடுதலைப் போருக்காக மாநிலங்கள் பட்ட கடனை மத்திய அரசே ஏற்க வேண்டும் என்று 1790இல் நிதித்துறைச் செயலர் ஹாமில்டன் சொன்னபோது, தன் கடனில் பெரும்பகுதியை அடைத்துவிட்டிருந்த வர்ஜீனியா எதிர்த்தது. ஜூன் மாதத்தில் ஜெஃபர்சன் நியூயார்க்கில் தாம் தங்கியிருந்த வீட்டுக்கு ஹாமில்டனையும், வர்ஜீனியாவின் பிரதிநிதியான மேடிசனையும் விருந்துக்கு அழைத்துப் பேசினார். கடனை மத்திய அரசு ஏற்பது, தலைநகரை வர்ஜீனியாவை ஒட்டிய பொடோமக் ஆற்றங்கரைக்குக் கொண்டுபோவது என்று உடன்பாடு பிறந்தது. பின்னாளில் ஜெஃபர்சன் அதற்காக மிகவும் வருந்தினார். ஆனால் 1803இல் பிரான்சிடமிருந்து லூசியானாவை 1.5 கோடி டாலருக்கு வாங்கியபோது, அதில் 1.125 கோடியை அவரது அரசு கடன் பத்திரங்களாகவே கொடுத்தது. அவற்றை ஐரோப்பிய வங்கிகள் நம்பி ஏற்றுக்கொண்டதற்கு, அமெரிக்கா கடனைத் தவறாமல் அடைக்கும் என்று ஹாமில்டன் பாடுபட்டு ஏற்படுத்திய நற்பெயரே முக்கியக் காரணம். ஹாமில்டன் முன்வைத்த தேசிய வங்கியைத் தொடங்க அரசியலமைப்பில் அதிகாரம் இல்லை என்று 1791இல் வாதாடிய அதே ஜெஃபர்சன், அயல்நாட்டு நிலம் வாங்குவதைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத அதே அரசியலமைப்பின் கீழ், தயக்கத்தோடுதான் என்றாலும், நாட்டின் பரப்பை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்.

ஆலை விஷயமும் அப்படியே. ஹாமில்டனின் ஊக்கத்தால் நியூ ஜெர்சியில் பசேயிக் அருவியோரம் பேட்டர்சன் என்னும் தொழில் நகரம் உருவானது. முதல் ஆலை சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டாலும், அருவி நீரை நம்பி வேறு ஆலைகள் அங்கே பெருகின. அரசு கொண்டுவந்த பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைப் பஞ்சாலைகளுக்கு என்ன செய்தது என்பதை அறிந்த நம் பகுதிக்கு இது புதிதல்ல. உழவருக்குப் பக்கத்தில் உற்பத்தியாளரையும் நிறுத்த வேண்டும் என்று 1816இல் ஜெஃபர்சனே எழுதினார்.

உழவர் பக்கம் என்பதையும் சற்று நிதானித்துச் சொல்ல வேண்டும். சொந்த நிலத்தைத் தானே உழும் சிறு விவசாயியை அவர் மனமாரப் போற்றினார் என்பது உண்மை. ஆனால் அவருடைய மான்டிசெல்லோ பண்ணையில் உழுதவர்கள் அடிமைகள். வாழ்நாளில் 600க்கும் மேற்பட்டவர்களை உடைமையாக வைத்திருந்தார். அவர் இறந்த மறு ஆண்டிலேயே, அவர் வைத்துப்போன கடனுக்காக அந்தக் குடும்பங்கள் ஏலத்தில் விற்கப்பட்டன. காடு தோட்டத்தில் வெயிலில் நிற்கும் நம் குடியானவரோடு அவரை ஒன்றாக வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. எனினும் எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் அவர் எழுதிய வாக்கியத்தைத்தான் அடிமைமுறையை எதிர்த்தவர்கள் பின்னர் ஆயுதமாக எடுத்தார்கள். வர்ஜீனியாவில் 1786இல் நிறைவேறிய சமயச் சுதந்திரச் சட்டமும் அவர் எழுதியதே. அந்தப் புகழில் ஹாமில்டனுக்குப் பங்கில்லை.

கேள்வி: இவ்வளவு பகை இருந்தும் ஜெஃபர்சன் குடியரசுத் தலைவராக ஹாமில்டன் உதவினாராமே?
– வாசகர், உடுமலைப்பேட்டை

பதில்: ஆம். 1800 தேர்தலில் ஜெஃபர்சனும் அவர் கட்சியைச் சேர்ந்த ஆரன் பர்ரும் தலா 73 தேர்வாளர் வாக்குகள் பெற்றதால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போனது. பர் கொள்கையற்றவர் என்று கருதிய ஹாமில்டன், ஜெஃபர்சனை ஆதரிக்கும்படி தம் கட்சியினருக்குக் கடிதங்கள் எழுதினார். வேரூன்றிவிட்ட ஏற்பாடுகளை, முன்பு எதிர்த்திருந்தாலும், ஜெஃபர்சன் கலைக்கமாட்டார் என்பது அவர் கணிப்பு. 36ஆவது சுற்று வாக்கெடுப்பில் ஜெஃபர்சன் வென்றார். தேசிய வங்கியை அவர் தம் 8 ஆண்டு ஆட்சியில் மூடவில்லை.