மூன்று கடனுக்கும் சமமாகப் பங்கு போடாதீர்கள்

கேள்வி: தர்மபுரி மாவட்டம் காரிமங்கலம் எனது ஊர். எம்.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு. இருப்பதை வைத்து மிகச் சிறந்த விடையைத் தேடும் ஆப்டிமைசேஷன்தான் பிடித்த பாடம். டியூஷனில் மாதம் 9,000 ரூபாய் வருகிறது. கல்விக்கடன் 2 லட்சம், அம்மாவின் வளையலை வைத்து வாங்கிய நகைக்கடன் 90,000, மாமா மூலம் 3 வட்டிக்கு வாங்கிய கைக்கடன் 60,000. மூன்றுக்கும் தலா 3,000 கட்டியும் குறைந்தபாடில்லை. இதில், பணத்தை எதில் எவ்வளவு முதலீடு செய்வது என்று கணக்குப் போடும் ஏஐ போர்ட்ஃபோலியோ ஆப் ஒன்றில் மாதம் 2,000 போடச் சொல்லி மாமா நச்சரிக்கிறார். என்ன செய்வது?

பதில்: கட்டுப்பாடுகளுக்குள் சிறந்த பங்கீட்டைத் தேடும் லீனியர் புரோகிராமிங்கை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சாத்தியமான பங்கீடுகளை எல்லாம் படமாக வரைந்தால், சிறந்த தீர்வு என்று ஒன்று இருந்தால் அது அந்தப் படத்தின் ஏதாவது ஒரு மூலையில் கிடைத்துவிடும். 1947-ல் கணித அறிஞர் டான்ட்சிக் அதற்காகக் கொண்டுவந்த சிம்ப்ளெக்ஸ் முறை மூலை மூலையாகத்தான் நகர்கிறது. வீட்டுக் கணக்கில் மட்டும் ஏன் நட்டநடுவில் நிற்கிறீர்கள்? யாருக்கும் மனக்குறை வரக்கூடாது என்று சமமாகப் பிரிக்கும் இந்தப் பழக்கம்தான் உங்கள் பணத்தைத் தின்கிறது.

3 வட்டி என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். 60,000-க்கு மாதம் 1,800 வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது 1,200தான். இப்படியே போனால் 31 மாதம், வட்டி மட்டும் 33,000. மற்ற இரண்டும் 10 சதவீதத்தை ஒட்டி இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். நகைக்கடனுக்கு வட்டி 750 மட்டும் கட்டுங்கள், கெடு தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். கல்விக்கடனுக்குப் படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை பொதுவாகத் தவணை கிடையாது, தனிவட்டிதான் ஏறும்; இப்போதைக்கு விட்டுவிடுங்கள். மிச்சம் 8,250-ம் கைக்கடனுக்கு. ஒன்பதாவது மாதம் முடிந்துவிடும், வட்டி 9,000-க்குள். மற்ற இரண்டிலும் அதுவரை கூடுதலாக ஏறுவது 2,000-ஐத் தொடாது.

வட்டியை மாதாமாதம் வாங்கிக்கொண்டு, அசலை மொத்தமாகத்தான் தர வேண்டும் என்பவர்கள் உண்டு. அதனால் முதலிலேயே பேசிவிடுங்கள். ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்பக்கம் தேதி, தொகை போட்டு வரவு எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். உடனே போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாமா மூலம் வாங்கிய கடன்தானே, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே கொடுங்கள். கடைசித் தொகை கொடுத்த அன்றே நோட்டைத் திரும்ப வாங்கிவிட வேண்டும்.

அப்புறம் அந்த ஆப். 1952-ல் பொருளாதார அறிஞர் மார்கோவிட்ஸ் எழுதிய போர்ட்ஃபோலியோ கணக்கு நல்ல கணக்குதான், அதற்காக 1990-ல் நோபல் பரிசும் பெற்றார். ஆனால் உள்ளே போடும் எதிர்கால வருமானம் வெறும் ஊகம். அந்த எண் கொஞ்சம் பிசகினாலும் விடை எங்கோ போய்விடும். மேலே ஏஐ என்று எழுதி ஒட்டினாலும் ஊகம் ஊகம்தான். நீங்கள் கைக்கடனில் அடைக்கும் பணமோ 36 சதவீத வட்டியை நிச்சயமாக மிச்சப்படுத்துகிறது. அப்படி உத்தரவாதம் தரும் ஆப் எதையும் நான் பார்த்ததில்லை. தருகிறேன் என்று யாராவது சொன்னால் பக்கத்திலேயே போகாதீர்கள். "கைக்கடன் முடியட்டும் மாமா" என்று மட்டும் சொல்லுங்கள், அவரிடம் வாதாட வேண்டாம்.

பத்தாவது மாதத்திலிருந்து 9,000 முழுவதும் நகைக்கடனுக்கு. 11 மாதத்தில் வளையல் அம்மா கைக்கு வந்துவிடும்.