மலைத் தேநீர், வால்நட் சுஜுக், உலர் ஆப்ரிகாட்: ஆர்மேனியப் பொருட்கள் பற்றிய கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி தேநீர், மீதி இனிப்பு. ஒரே விஷயத்தைக் கேட்ட பலருக்குச் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறேன்.

கே: நண்பர் ஆர்மேனியத் தலைநகர் யெரெவானிலிருந்து கொண்டுவந்த மூலிகைத் தேநீர் ஒரே கசப்பு. என்ன செய்யலாம்?

ப: எந்த மூலிகை, எவ்வளவு போட்டீர்கள், எத்தனை நிமிடம் வைத்தீர்கள் என்று எதையுமே எழுதவில்லையே! அடுப்பில் வைத்துக் கொதிக்க விட்டிருப்பீர்கள் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். மூலிகையைக் கொதிக்க வைக்கக் கூடாது. கொதித்து இறக்கிய தண்ணீரை ஒரு தேக்கரண்டி இலைமேல் ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, ஐந்தாறு நிமிடத்தில் வடிகட்டுங்கள். மூடாமல் வைத்தால் வாசனை ஆவியோடு போய்விடும். பால் வேண்டாம்.

கே: நல்ல உர்ட்ஸ் எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: உர்ட்ஸ் மலைச்சரிவில் வளரும் காட்டுத் தைம். பூக்கும் சமயத்தில் பறித்து நிழலில் காய வைத்திருக்க வேண்டும். ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். ஊதா நிறம் மங்காத பூங்கொத்துகளும் முழு இலைகளும் தெரிந்தால் நல்ல சரக்கு. குச்சியும் தூளுமாக இருந்தால் வேண்டாம். இரண்டு விரலால் கசக்கினால் வாசனை உடனே மூக்கில் ஏற வேண்டும். வைக்கோல் வாசம் வந்தால் அது பழையது. யெரெவானின் கும் சந்தையில் அவிழ்த்துப் பார்த்து வாங்கலாம். ஒட்டிய பொட்டலத்தில் அது முடியாது.

கே: ‘ஆர்மேனிய மலைக் கலவை’ என்று ஒரு பொட்டலம் வாங்கினேன். அம்மாவுக்குக் கொடுக்கலாமா? அவர் ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார்.

ப: கொடுக்காதீர்கள். கலவையில் என்னென்ன இருக்கிறது என்று தெரிந்து, அதை அவருடைய மருத்துவரிடம் காட்டிய பிறகுதான் மற்ற பேச்சு.

இதை எத்தனை முறை எழுதினாலும் எனக்கு ஆறாது. பொட்டலத்தின் முன்பக்கம் மலை, பூ, ‘முழுக்க இயற்கை’ என்ற வாசகம். பின்பக்கம் திருப்பினால் ‘மலை மூலிகைகள்’ என்று இரண்டே சொல். எந்த மூலிகை? இப்படிப்பட்ட கலவைகளில் உர்ட்ஸ், புதினா, ஓரிகானோவோடு பல சமயம் ஸ்ரோஹுந்தும் சேர்ந்திருக்கும். மஞ்சள் பூ, உலர்ந்தால் பழுப்பு. செயின்ட் ஜான்ஸ் வொர்ட் என்று மருந்துக் கடையில் விற்கிறார்களே, அதேதான். அது கல்லீரலைத் தூண்டிவிட்டு, நாம் சாப்பிடும் மருந்துகளை வேகமாக உடைத்து வெளியேற்ற வைக்கும். ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் வார்ஃபரின், கருத்தடை மாத்திரை, உறுப்பு மாற்று செய்தவர்களுக்கான சைக்ளோஸ்போரின் எல்லாம் இதனால் வலுவிழக்கும். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் வேறு வகை ஆபத்து. நிறுத்தினாலும் இரண்டு வாரம் போல அதன் தாக்கம் இருக்கும்.

மூலிகையைக் குறை சொல்லவில்லை. ஆர்மேனிய மாகாணங்களான லோரியிலும் தவுஷிலும் சியூனிக்கிலும் மலையேறிப் பறிப்பவர்களுக்கு ஒவ்வொரு செடியும் தனித்தனியாகத் தெரியும். அத்தனை அறிவையும் ஒரு பையில் கொட்டிக் குலுக்கி, பெயரையும் அழித்து விற்பதுதான் எனக்கு ஆத்திரம். தனி மூலிகையாக வாங்குங்கள். கலக்க ஆசையிருந்தால் வீட்டில் நீங்களே கலந்துகொள்ளுங்கள்.

கே: சுஜுக் சைவமா?

ப: இரண்டு சுஜுக் உண்டு. காரமானது மாட்டிறைச்சித் தொத்திறைச்சி. இனிப்பானது, நூலில் கோத்த வால்நட்டை மாவு சேர்த்துக் காய்ச்சிய திராட்சைச் சாற்றில், மெழுகுவர்த்தி செய்வதுபோலத் திரும்பத் திரும்ப முக்கி உலர்த்துவது. இது சைவம். வழக்கமாகக் கோதுமை மாவு என்பதால் குளூட்டன் ஆகாதவர்களுக்கு ஒத்துவராது. மேலே உலர்ந்த வெண்பொடி படிந்திருந்தால் பயமில்லை, பெரும்பாலும் சர்க்கரை அல்லது மாவு. ஈரமாக, பஞ்சு மாதிரி இருந்தால் பூஞ்சை. மொத்தத்தையும் தூக்கிப் போடுங்கள். வெட்டும்முன் நூலை உருவ மறக்காதீர்கள்.

கே: உலர் ஆப்ரிகாட் ஒரு கடையில் பளிச்சென்ற ஆரஞ்சு, இன்னொன்றில் பழுப்பு. எது நல்லது?

ப: பழுப்பு. வெயிலில் சும்மா காய வைத்தால் அந்த நிறம்தான் வரும். பளபளப்பு கந்தகப் புகையால் வருவது. ஆஸ்துமா உள்ளவர்கள் அதைத் தொடவே வேண்டாம்.

கே: தோஷாப், அலானி இரண்டிலும் ‘இயற்கை இனிப்பு’தானே, நீரிழிவுக்காரர்கள் சாப்பிடலாமா?

ப: தோஷாப் என்பது திராட்சை அல்லது மல்பெரிச் சாற்றைச் சுண்டக் காய்ச்சியது. அலானி, உலர் பீச்சுக்குள் வால்நட்டும் சர்க்கரையும். இயற்கையென்றாலும் சர்க்கரை சர்க்கரைதான். கேட்பதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

கே: மசூர் குடித்தால் தொண்டை அரிக்கிறது.

ப: மசூர் என்பது காட்டு ரோஜாக் காய். அதன் விதையைச் சுற்றி நுண்ணிய முடி இருக்கும். வடிகட்டி போதாது, மெல்லிய துணியில் வடியுங்கள். காயை லேசாகத் தட்டி, ஃபிளாஸ்கில் சுடுநீர் ஊற்றி ராத்திரி முழுக்க விடுங்கள். கொதிக்க வைத்தால் வைட்டமின் சி குறைந்துவிடும்.

கே: சென்னை ஆர்மேனியன் தெருவில் இதெல்லாம் கிடைக்குமா?

ப: அங்கே ஆர்மேனியக் கடைகள் இல்லை. 1772-இல் கட்டிய ஆர்மேனியர்களுடைய தேவாலயம் இருக்கிறது. உலகின் முதல் ஆர்மேனிய மொழி இதழ் 1794-இல் அச்சானதும் சென்னையில்தான். ஒருமுறை போய்ப் பாருங்கள்.

கே: பச்சை வால்நட் முரப்பா கன்னங்கரேல் என்றிருக்கிறது. கெட்டுவிட்டதா? ஊருக்குக் கொண்டுபோகலாமா?

ப: கருப்புதான் அதன் நிறம். ஓடு கெட்டியாகும் முன்பே, கோடையின் தொடக்கத்தில் காயைப் பறித்து, தோல் சீவி, தண்ணீர் மாற்றி மாற்றி நாள்கணக்கில் ஊறவைத்துக் கசப்பெடுத்துப் பாகில் போடுவார்கள். கடித்தால் நடுவில் ஓடு தட்டுப்படக் கூடாது. விமானத்தில் முரப்பா, தேன், தோஷாப் மூன்றும் திரவக் கணக்கு. கைப்பையில் 100 மில்லிக்கு மேல் போனால் பிடுங்கிக்கொள்வார்கள். மூடியை டேப் ஒட்டி, பெரிய பெட்டியில் துணிக்கு நடுவே வையுங்கள்.