வாசகர் கேள்விகள்: ஜப்பானியப் பேரரசின் பிறப்பு

கேள்வி: ஜப்பானிய அரச மரபு கி.மு. 660-இல் தொடங்கியது என்று படித்தேன். அந்த அரசு உண்மையிலேயே அத்தனை பழமையானதா? (வாசகி, தக்கலை)

பதில்: அந்த ஆண்டைத் தருவது கி.பி. 720-இல் எழுதி முடிக்கப்பட்ட 'நிஹோன் ஷோகி' என்னும் அரசவை வரலாறு. கதிரவத் தெய்வமான அமதெராசுவின் வழிவந்த ஜிம்மு அப்போது அரியணை ஏறினார் என்கிறது அந்நூல். அகழாய்வில் அதற்குச் சான்று கிடைக்கவில்லை. மண்ணுக்கடியில் கிடைப்பது வேறு கதை. கி.பி. 3-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து நாரா சமவெளியில் சாவித்துளை வடிவிலான பெரும் ஈமக்குன்றுகள் எழுந்தன. அதே வடிவம் பின்னர் தொலைவிலுள்ள தலைவர்களின் கல்லறைகளிலும் காணப்படுவதால், அச்சமவெளியை ஆண்ட யமாத்தோ வேந்தரை நடுவில் கொண்ட ஒரு கூட்டணி உருவாகியிருந்தது என்று கொள்ளலாம். சைத்தாமாவில் கிடைத்த இரும்பு வாளொன்றில் 115 எழுத்துகள் தங்கத்தில் பதிக்கப்பட்டிருப்பது 1978-இல் தெரியவந்தது. 471-ஐச் சேர்ந்ததாகப் பெரும்பாலோர் கருதும் அவ்வெழுத்துகள் வகதகேரு என்னும் யமாத்தோ வேந்தரைப் 'பெருவேந்தர்' என்றே சொல்கின்றன. 'பேரரசர்' என்று சொல்லவில்லை.

கூட்டணியை அரசாக இறுக்கியது ஒரு தோல்வி என்பதே என் கருத்து. கொரியாவின் பெக்ஜே நாட்டை மீட்கச் சென்ற ஜப்பானியக் கப்பற்படையை 663-இல் சீனத்தின் தாங் அரசும் சில்லா நாடும் சேர்ந்து முறியடித்தன. படையெடுப்புக்கு அஞ்சி அடுத்த ஆண்டே கியூஷூ தீவில் அரண் எழுப்பினர்; 670-இல் குடும்பவாரியாக மக்களைப் பதிவேட்டில் ஏற்றினர்; 672-இல் உள்நாட்டுப் போரில் வென்ற தெம்மு அதிகாரத்தைத் தம் கையில் குவித்தார். 694-இல் புஜிவாரா தலைநகரமானது. 701-இல் தைஹோ சட்டத்தொகுப்பு வந்தது.

646-இலேயே ஓர் ஆணையால் நாடு மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டது என்று அரசவை வரலாறு சொல்வதை என்ன செய்வது? புஜிவாராவில் தோண்டியெடுத்த மரச்சீட்டுகள், அதாவது வரிப்பொருள் மூட்டைகளில் கட்டிய அடையாளத் துண்டுகள், 701-க்கு முன் மாவட்டத்தைக் குறிக்க அந்நூலில் உள்ளதிலிருந்து வேறான எழுத்தையே ஆண்டிருக்கின்றன. ஆணையின் வாசகம் பிற்காலச் சட்டச் சொல்லால் திருத்தி எழுதப்பட்டது என்பது இதனால் புலனாயிற்று. ஏட்டை எழுதியவர்களைவிட மூட்டை கட்டியவர்களையே நான் நம்புவேன்.

கேள்வி: அப்படியானால் தெய்வத்தைச் சார்ந்த அவர்களது ஆட்சி நம் திருவிதாங்கூர் ஆட்சியைப் போன்றதா? (வாசகர், பத்மநாபபுரம்)

பதில்: தோற்றத்தில் ஒப்புமை உண்டு, உறவு வேறு. 1750-இல் மார்த்தாண்ட வர்மா திருப்படித்தானத்தால் நாட்டைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துத் தம்மைப் பத்மநாபதாசர் என்று அழைத்துக்கொண்டார்; அதாவது அவர் இறைவனின் அடியார். ஜப்பானியப் பேரரசரோ தெய்வத்தின் வழித்தோன்றல் என்றே உரிமை கொண்டாடினார். தெம்மு தம் மகள் ஓகுவைப் பூசைப் பணிக்காக அமதெராசுவின் இசே திருக்கோயிலுக்கு அனுப்பியபோது, தம் குலமூதாதைக்குத் தம் வீட்டுப் பெண்ணையே அனுப்பியதாகத்தான் அவரது அரசவை கருதியது.