அடிதடி கேஸில் பெயர் இருந்தால் வக்கீலாகப் பதிவு செய்ய முடியுமா?

கேட்டவர் சட்டப் படிப்பை முடித்தவர். ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் நடந்த தகராறில் இவர் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிட்டது. வழக்கு இன்னும் நடக்கிறது. பார் கவுன்சிலில் பதிவு செய்ய முடியுமா, மற்ற தொழில் லைசென்ஸுகளுக்கும் இதே கதிதானா என்று கேட்கிறார். தென் மாவட்டக் கோர்ட் ஒன்றில் கிரிமினல் பக்கம் தொழில் செய்கிறேன். இந்தக் கேள்வியோடு வருகிற பிள்ளைகளை அடிக்கடி பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

சட்டப் புத்தகத்தின்படி உங்களைத் தடுப்பது தண்டனைதான், வழக்கு அல்ல. 1961-ஆம் வருட வழக்கறிஞர்கள் சட்டத்தில் 24ஏ பிரிவை எடுத்துப் படியுங்கள். ஒழுக்கக்கேடான குற்றத்துக்காகத் தண்டனை பெற்றவர், தீண்டாமைக் குற்றச் சட்டத்தின்கீழ் தண்டனை பெற்றவர், ஒழுக்கக்கேட்டுக் குற்றச்சாட்டில் அரசு வேலையிலிருந்து நீக்கப்பட்டவர் என்று மூன்று பேரைத்தான் அது தடுக்கிறது. அந்தத் தடையும் ஆயுளுக்கும் இல்லை. விடுதலையான நாளிலிருந்தோ, வேலையிலிருந்து நீக்கப்பட்ட நாளிலிருந்தோ இரண்டு வருடம் போனால் தடை தானாக விலகும்.

புத்தகம் அப்படி. தமிழ்நாட்டு நடைமுறை வேறு. 2015-இல் சென்னை உயர்நீதிமன்றம், குற்ற வழக்கு நிலுவையில் உள்ள சட்டப் பட்டதாரிகளைப் பதிவு செய்யக் கூடாது என்று பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. சில சிறு வழக்குகளுக்கு மட்டும்தான் விலக்கு. ரவுடிகள் எங்கிருந்தோ ஒரு பட்டத்தை வாங்கிவந்து கறுப்பு கோட்டுக்குள் ஒளிந்துகொள்கிறார்கள் என்ற கவலையில் வந்த உத்தரவு அது. அந்தக் கவலை பொய் என்று சொல்ல மாட்டேன், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் அதில் ரவுடியோடு சேர்ந்து அகப்படுவது உங்களைப் போன்றவர்கள். 2024 செப்டம்பரில் அகில இந்திய பார் கவுன்சில் இன்னும் ஒரு படி முன்னே போனது. எஃப்.ஐ.ஆர்., நிலுவை வழக்கு, தண்டனை, விடுதலை எதுவானாலும் மாணவர்கள் கல்லூரியிலேயே எழுதித் தர வேண்டும், அதன்பிறகுதான் கடைசி மதிப்பெண் பட்டியலும் பட்டமும் என்று சுற்றறிக்கை விட்டது. விடுதலையான வழக்கையும் சொல்ல வேண்டும் என்பதைக் கவனியுங்கள்.

சரி, உங்கள் வழக்குக்கு வருவோம். எங்கள் பக்கம் கொடைத் தகராறு எஃப்.ஐ.ஆர். எப்படி இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 'அசிங்கமாகப் பேசி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து' என்று ஒரே வார்ப்பு. பழைய தண்டனைச் சட்டத்தில் 294(பி), 323, 506(ii). கம்பு கல் வந்தால் 324, கூட்டமாக நின்றால் 147, 148. 2024 ஜூலை 1-க்குப் பிறகு நடந்த சம்பவம் என்றால் இவற்றில் முதல் நான்கும் புதிய சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296(பி), 115(2), 351(3), 118(1) என்று வரும். எதிர்த்தரப்பில் ஒரு பெண் சாட்சி இருந்தால் பெண்கள் வன்கொடுமைத் தடைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவும் ஒட்டிக்கொள்ளும். ஏ1, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்கள் பட்டியலில் முதல் ஆள், உண்மையில் அடித்தவன். ஏ5-க்குப் பிறகு வருகிறவர்கள் பெரும்பாலும் அவனுடைய அண்ணன் தம்பி, சித்தப்பா மகன், வெளியூரில் படித்துக்கொண்டிருந்து கொடைக்கு மட்டும் வந்தவன். படிக்கிற பையனைச் சேர்த்தால்தான் எதிராளி இறங்கிவருவான் என்பது புகார் எழுதுகிறவர்களுக்கு நன்றாகத் தெரியும். உங்கள் வழக்கில் எந்தெந்தப் பிரிவு இருக்கிறது, அதில் ஜாமீனில் விட முடியாதது எது என்பதை முதலில் பாருங்கள். பதிவு தள்ளிப்போவது பெரும்பாலும் அந்த ஒரு பிரிவால்தான்.

அடுத்தது மிக முக்கியம். நடுவர் கோர்ட்டில் காலையில் கட்டு கட்டாக வழக்கு கூப்பிடும்போது கோர்ட் ஏட்டு மெதுவாக வந்து நிற்பார். "தம்பி, ஒத்துக்கிட்டா சின்ன ஃபைனோட இன்னைக்கே முடிஞ்சிரும், எதுக்கு வாய்தா வாய்தாவா அலையணும்?" என்பார். கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை, அவருக்கும் கட்டு குறைய வேண்டும். பையனும் சரி என்பான். பெஞ்ச் கிளார்க் ரசீது போட்டுக் கொடுப்பார், எல்லாரும் டீ குடிக்கப் போவார்கள். ஆனால் அந்தப் பத்து நிமிஷத்தில் அவன் 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்ற இடத்திலிருந்து 'தண்டனை பெற்றவர்' என்ற இடத்துக்குப் போய்விட்டான். அபராதம் எத்தனை ரூபாய் என்பதை எந்த விண்ணப்பமும் கேட்காது. தண்டிக்கப்பட்டீர்களா, ஆம் அல்லது இல்லை, அவ்வளவுதான்.

இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஹரியானா வழக்கு ஒன்று இருக்கிறது. தினக்கூலியாக இருந்து கடைநிலை ஊழியராக நிரந்தரமான ஒருவர், 1980-இல் 294-ஆம் பிரிவில் குற்றத்தை ஒத்துக்கொண்டு 20 ரூபாய் அபராதம் கட்டியிருக்கிறார். அதைக் காட்டி வேலையை விட்டே எடுத்துவிட்டார்கள். 1996-இல் உச்சநீதிமன்றம் போய்த்தான் அவருக்கு நியாயம் கிடைத்தது. 294-இல் தண்டனை என்பதாலேயே ஒழுக்கக்கேடு ஆகிவிடாது, எந்தச் சூழ்நிலையில் நடந்தது என்று பார்க்க வேண்டும் என்றது கோர்ட். இதுபோன்ற அற்ப அபராதங்களைத் தண்டனையாகக் கருதாமல் இருக்க நாடாளுமன்றம் வழி செய்ய வேண்டும் என்றும் எழுதியது. 20 ரூபாய்க்காக ஒரு மனிதர் உச்சநீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது.

எது ஒழுக்கக்கேடான குற்றம் என்று எந்தச் சட்டமும் பட்டியல் போட்டுத் தரவில்லை. மோசடி, திருட்டு, பொய் ஆவணம், லஞ்சம் போன்றவற்றில் சந்தேகமே இல்லை. ஊர்ச் சண்டையில் கைகலந்த 323-ஐப் பொதுவாக அதில் சேர்ப்பதில்லை. நடுவில் இருப்பவை எல்லாம் சம்பவத்தைப் பொறுத்தது. தீண்டாமைக் குற்றத்துக்கு மட்டும் இந்த ஆராய்ச்சியே கிடையாது, தண்டனை என்றாலே தடை. கோயில் தகராறுகளில் சாதி எவ்வளவு சீக்கிரம் நுழையும் என்பது உங்களுக்கே தெரியும்.

அப்படியானால் என்ன செய்யலாம்? இரண்டு தரப்பும் ஒரே ஊர், சமாதானம் ஆகிவிட்டது என்றால் உயர்நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்பதுதான் சுத்தமான வழி. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-ஆம் பிரிவு, இப்போது அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 528. புகார்தாரர் நேரில் வந்து சமரச மனுவில் கையெழுத்துப் போட வேண்டும், அவர்தான் புகார்தாரர் என்று போலீஸ் அடையாளம் சொல்ல வேண்டும். கீழ்க்கோர்ட்டிலேயே சமரசம் ஆகக்கூடிய பிரிவுகள் மட்டும் இருந்தால் அங்கேயே முடிக்கலாம், அதற்குச் சட்டப்படி விடுதலையின் பலன் உண்டு. விசாரணை நடந்து எதிர்த்தரப்புச் சாட்சிகள் உடையட்டும் என்று காத்திருப்பது மூன்றாவது வழி. அதற்கு வருடக்கணக்கில் ஆகும்.

தண்டனை தவிர்க்க முடியாது என்று தெரிந்தால்கூட ஒரு கதவு இருக்கிறது. பல ஜூனியர்கள் அதை மறந்துவிடுகிறார்கள். 1958-ஆம் வருடக் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டம். குற்றவாளி என்று முடிவு செய்த பிறகும், சிறைக்கு அனுப்பாமல் 3-ஆம் பிரிவில் எச்சரித்தோ, 4-ஆம் பிரிவில் நன்னடத்தைப் பிணை வாங்கிக்கொண்டோ கோர்ட் விடலாம். அப்படி விட்டால், அந்தத் தண்டனையால் எந்தத் தகுதியிழப்பும் ஒட்டாது என்கிறது அதே சட்டத்தின் 12-ஆம் பிரிவு. வழக்கறிஞர்கள் சட்டத்தின் 24ஏ-வும் தன் பங்குக்கு இவர்களுக்கு விலக்கு தந்திருக்கிறது. சின்ன அபராதத்தோடு முடிக்கலாம் என்று ஏட்டு சொல்கிற அதே நாளில் உங்கள் வக்கீல் எழுந்து நன்னடத்தைச் சட்டத்தில் விடும்படி கேட்டால் கிடைக்கக்கூடிய வழக்குகள் இவை. கேட்டால்தான் கிடைக்கும். அபராதம் கட்டி ரசீது வாங்கிய பிறகு அப்பீலுக்குத்தான் போக வேண்டும்.

அப்பீல் என்றதும் இன்னொன்று. அப்பீலில் தண்டனையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வருவார்கள். நிறுத்தி வைப்பது பெரும்பாலும் சிறைவாசத்தை மட்டும்தான். குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே நிற்கிறது. அதையும் நிறுத்தி வைக்கத் தனியாகக் கேட்டு, தனியாக உத்தரவு வாங்க வேண்டும், அதைக் கோர்ட்டுகள் அவ்வளவு எளிதில் தருவதில்லை.

சம்பவம் நடந்தபோது உங்களுக்குப் பதினெட்டு ஆகவில்லை என்றால் கதையே வேறு. சிறார் நீதிச் சட்டம் 24-ஆம் பிரிவின்படி அந்த வழக்கால் தகுதியிழப்பு கிடையாது, ஆவணங்களையே அழித்துவிட வேண்டும். பதினாறைத் தாண்டி, கொடிய குற்றத்தில், பெரியவர்களைப் போல விசாரிக்கப்பட்டவர்களுக்குத்தான் விலக்கு இல்லை. பள்ளிச் சான்றிதழோடு முதலில் அந்தத் தேதியைச் சரிபாருங்கள்.

இனி மற்ற தொழில்கள். ஒவ்வொரு சட்டமும் தன் இஷ்டத்துக்கு ஒரு கோடு போட்டிருக்கிறது. 2005-ஆம் வருடத் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 10-ஆம் பிரிவின்படி கோர்ட்டில் தண்டனை பெற்றவரைக் காவலாளியாக வைக்கக் கூடாது. என்ன குற்றம் என்ற பேச்சில்லை, இத்தனை வருடம் கழித்து என்ற சலுகையும் இல்லை. ஏஜென்சி நடத்தும் முதலாளிக்கு மட்டும், இரண்டு வருடத்துக்குக் குறையாத சிறைத் தண்டனை விதிக்கக்கூடிய குற்றம் என்று அளவு வைத்திருக்கிறார்கள். ஏ.டி.எம். வாசலில் நாற்காலி போட்டு உட்காருகிறவருக்கு ஆயுள் தடை, கொலை வழக்கு நடத்தப்போகிறவருக்கு இரண்டு வருடம். யாருக்கு வலிக்கும் என்று யோசித்து எழுதிய சட்டமாக எனக்குத் தெரியவில்லை. ஏற்கெனவே பதிவான வக்கீல்கள் விஷயத்தில் இருக்கும் இன்னொரு ஓட்டையை உச்சநீதிமன்றமே 2016-இல் கண்டித்திருக்கிறது. உள்ளே வரும்போது தடையாகும் தண்டனை, உள்ளே வந்த பிறகு ஏன் தடையாகக் கூடாது என்று கேட்டது.

சார்ட்டர்டு அக்கவுன்டன்ட்களுக்கு 1949 சட்டத்தின் 8-ஆம் பிரிவு. அங்கே கால வரம்பு கிடையாது, ஆனால் மத்திய அரசுக்கு விண்ணப்பித்துத் தடையை நீக்கிக்கொள்ளலாம். டிரைவர்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 19-ஆம் பிரிவு. வழக்கமான குற்றவாளி, குடிக்கு அடிமை, வண்டியைக் குற்றத்துக்குப் பயன்படுத்தியவர் என்றால் ஆர்.டி.ஓ. லைசென்ஸை ரத்து செய்யலாம். ஆனால் உங்கள் தரப்பைக் கேட்டுவிட்டுத்தான் செய்ய வேண்டும், முப்பது நாளுக்குள் அப்பீலும் உண்டு. டாக்டர்களுக்குக் கருவின் பாலினம் கண்டறியும் தடைச் சட்டம்தான் மிகக் கடுமை. தீர்ப்பு வரை காத்திருக்கவே வேண்டாம், கோர்ட் குற்றச்சாட்டைப் பதிவு செய்தவுடனேயே பதிவை நிறுத்தி வைக்கலாம். தண்டனையானால் முதல் முறை ஐந்து வருடம், அடுத்த முறை நிரந்தரம்.

போலீஸ் வேலையை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அது லைசென்ஸ் இல்லை, நியமனம். சந்தேகத்தின் பலனில் விடுதலையானவரையும், சாட்சி பிறழ்ந்ததால் விடுதலையானவரையும்கூட வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதுவோம் என்கிறது தமிழ்நாட்டு விதி. காக்கிக்கு விண்ணப்பித்துத் திரும்பிவந்த நண்பன் சொல்வதை வைத்து நீங்கள் பயப்பட வேண்டியதில்லை.

மறைக்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது உங்கள் காதில் போட்டிருப்பார்கள். வேண்டாம். முக்கியமான உண்மையை மறைத்தோ தவறாகச் சொல்லியோ பதிவு செய்தவரின் பெயரை நீக்க வழக்கறிஞர்கள் சட்டத்தின் 26-ஆம் பிரிவு அகில இந்திய பார் கவுன்சிலுக்கு அதிகாரம் தருகிறது. பத்து வருடம் தொழில் செய்து கட்சிக்காரர்களைச் சேர்த்த பிறகு, உங்கள் மேல் கோபமான எதிராளி ஒருவர் அந்தப் பழைய எஃப்.ஐ.ஆர். நகலோடு மனுப் போட்டால் போதும். அரசு வேலை விஷயத்தில் உச்சநீதிமன்றத்தின் 2016 அவ்தார் சிங் தீர்ப்பு கொஞ்சம் கருணை காட்டியது. இளம் வயதில் கோஷம் போட்டது போன்ற அற்ப வழக்கை மறைத்திருந்தால் மன்னித்துவிடலாம் என்றது, ஆனால் அதையும் வேலை தருபவரின் விருப்பத்துக்கே விட்டது. அந்த விருப்பத்தை நம்பி ஒரு தொழிலைத் தொடங்க முடியாது. படிவத்தில் கேள்வி எப்படி இருக்கிறது என்று நிதானமாகப் படியுங்கள். 'நிலுவையில் உள்ளதா' என்பதும் 'எப்போதாவது சம்பந்தப்பட்டீர்களா' என்பதும் வேறு வேறு. பின்னதற்கு, ரத்தான வழக்கையும் எழுதி உத்தரவு நகலை இணையுங்கள்.

உடனே செய்ய வேண்டியது: எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, கடைசித் தேதி வரையிலான வழக்குக் குறிப்பு மூன்றுக்கும் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். சமாதானப் பேச்சு நடக்கிறது என்றால் பதிவு விண்ணப்பத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்து, ரத்து உத்தரவு கைக்கு வந்த பிறகு போடுங்கள். அவசரப்பட்டுப் போட்டு ஒரு மாநிலத்தில் மறுத்துவிட்டால், வழக்கறிஞர்கள் சட்டத்தின் 27-ஆம் பிரிவின்படி மறுத்த அந்தக் கவுன்சிலும் அகில இந்தியக் கவுன்சிலும் எழுத்தில் சம்மதம் தராமல் வேறு எந்த மாநிலமும் உங்களைச் சேர்க்க முடியாது. பெங்களூரில் போய்ப் பதிந்துவிட்டு வருகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இதைத்தான் பார்ப்பதில்லை. பதிவுக் கட்டணம் பொதுப்பிரிவுக்கு 750 ரூபாய்தான், அதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் சொல்லிவிட்டது. கேஸ் இருக்கிறது, தனியாகக் கவனிக்க வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.